திறந்த கதவும் அடைத்த வழியும்

கொடியவன் அநீதி இழைத்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம். கற்றவர், கண்ணியமிக்கவர், கனிவாகப் பேசுபவர், அவரே அநீதிக்குக் குடை பிடித்தால்? அமெரிக்க நாட்டின் நான்காம் வட்டார மேல்முறையீட்டு மன்றத்திலே 1925 முதல் 1958 வரை வீற்றிருந்த ஜான் பார்க்கரின் வாழ்வு எழுப்பும் கேள்வி இது.

1920-இல் வட கரோலினா ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது, கருப்பின மக்கள் அரசியலில் பங்கு கொள்வது தீங்கும் ஆபத்தும் பயக்கும் என்றார். பேசியவர் மறந்திருக்கலாம்; ஏசப்பட்டவர் மறப்பரோ? 1930-இல் குடியரசுத் தலைவர் ஹூவர் அவரை உச்சநீதி மன்றத்துக்கு உயர்த்த முனைந்தார். கருப்பின மக்களும் தொழிலாளர் சங்கத்தாரும் எதிர்த்தெழுந்தனர். 39 பேர் ஆதரிக்க, 41 பேர் எதிர்க்க, செனட் சபை அவரை மறுத்தது.

நல்லதும் செய்தார், மறைப்பது நேர்மையாகாது. 1940-இல், நிறம் பார்த்து ஆசிரியர் சம்பளத்தைக் குறைப்பது தவறென்று தீர்ப்பளித்தார். 1947-இல், தென் கரோலினாவில் வெள்ளையருக்கே உரியதாக இருந்த கட்சி வேட்பாளர் தேர்தலைக் கருப்பின மக்களுக்கும் திறந்துவிட்ட தீர்ப்பை உறுதி செய்தார்.

ஆனால், கிளாரண்டன் மாவட்டத்துப் பெற்றோர் வந்து நின்றபோது? அங்கே வெள்ளைக் குழந்தைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள். கருப்பினக் குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை! கேட்டுக் கையொப்பமிட்டோர் பலர் வேலை இழந்தனர். 1951-இல் மூவர் அமர்வின் தீர்ப்பைப் பார்க்கர் எழுதினார்: வசதிகளைச் சமமாக்குங்கள், பிரிவினை நீடிக்கட்டும்! உடனிருந்த வேரிங் ஒருவர்தான், பிரிவினையே சமமின்மை என்று மாறுபட்டார். 1954-இல் உச்சநீதி மன்றம் வேரிங் சொன்னதையே சொன்னது.

1955-இல் வழக்கு மீண்டும் பார்க்கரிடம் வந்தது. அரசியல் சட்டம் பாகுபாட்டைத்தான் தடுக்கிறது, சேர்ந்து படிக்கக் கட்டளையிடவில்லை என்று விளக்கம் தந்தார். எவ்வளவு மென்மையான சொல்! எவ்வளவு வலிய பூட்டு! தென் மாநிலத்தார் அதைக் கேடயமாக ஏந்தினர். கதவு திறந்திருக்கிறது, விரும்பினால் வரட்டும் என்றனர். வந்தால் பிழைப்புப் போகும் என அஞ்சி வாழ்பவருக்கு அது திறந்த கதவா? 1966-இல்தான் ஐந்தாம் வட்டார நீதிபதி ஜான் மைனர் விஸ்டம், பிரிவினையை வேரோடு களைவது பள்ளி நடத்துவோரின் கடமை என்றெழுதி அந்த விளக்கத்தைத் தகர்த்தார். ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் பள்ளிப் பருவம் அதற்குள் கழிந்துவிட்டது.

தோழர்களே, தீர்ப்பின் நடையழகில் மயங்காதீர்! தெருவில் நின்ற பிள்ளை உள்ளே சென்றதா? அதை வைத்தே நீதிபதியை எடை போடுங்கள்.