மூன்று பெண்களின் அம்மானையும் நான்கு குரல் பாடலும்

சென்னையில் டிசம்பர் பிறந்தால் சபாக் கச்சேரிகள்தான் பேச்சாக இருக்கும். அதே வாரங்களில் நகரத்தின் பழைய தேவாலயங்களில் இன்னொரு இசைப் பருவமும் நடக்கிறது. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என நான்கு குரல்களாகப் பிரிந்து பாடும் குழுக்களின் கிறிஸ்துமஸ் பருவம் அது. இவற்றில் மூத்த அமைப்பான மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893இல் தொடங்கியது. 1928இல் பிறந்த மியூசிக் அகாடமியைவிட 35 ஆண்டு மூத்தது.

இந்தப் பாடலுக்குக் கட்டடமும் ஒரு வாத்தியம். எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் தூண்கள் வட்டமாக நின்று பெரிய கவிமாடத்தைத் தாங்குகின்றன. கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஒலியை எளிதில் உறிஞ்சுவதில்லை. ஓர் அறையில் ஒலி அடங்க எவ்வளவு நேரமாகும் என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன் 1890களில் அளந்து கணக்கிட்டார். அறையின் கொள்ளளவு கூடக் கூட நேரம் நீளும். ஒலியை உறிஞ்சும் பொருள் கூடக் கூடக் குறையும். மனித உடலும் உடையும் நன்றாகவே உறிஞ்சும். அதனால்தான் காலியான ஆலயத்தில் ஒத்திகை பார்த்தபோது கேட்ட முழக்கம், கூட்டம் நிறைந்த மாலையில் பாதியாக வற்றிவிடுகிறது. குழுவை நடத்துபவர் அன்றைக்குக் காலப்பிரமாணத்தை மாற்ற வேண்டியிருக்கும். மெய்யெழுத்துகளை இன்னும் அழுத்தி உச்சரிக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

தமிழ்ப் பாட்டு இங்கே ஒரு சிக்கலைச் சந்திக்கிறது. துரித சங்கதி பாடினால் முந்தைய ஸ்வரம் அடங்குமுன் அடுத்தது வந்து மேலே விழும். கமகத்தில் அசையும் ஸ்வரத்தின் மீது மற்ற மூன்று குரல்களும் நிலையாக நிற்பதும் கடினம். தோடியின் காந்தாரத்தைப் பாடிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சீர்திருத்த சபைகள் நடைமுறையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. மேற்கிலிருந்து வந்த பாமாலைகளையும் ஞானப்பாட்டுகளையும் நான்கு குரலில் பாடுகிறார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழிவந்த கீர்த்தனைகளைச் சபை முழுவதும் ஒரே குரலில் பாடுகிறது. இரண்டும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்து வரும். ஆனால் ஒன்றோடொன்று கலப்பது அரிது.

கலக்க வழியிருக்கிறது. அதைத் தேடுவோர் அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சிக்கு வர வேண்டும்.

கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் இருக்கும் இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டவர் வீரமாமுனிவர். இங்குள்ள அடைக்கல மாதா மீது அவர் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். இத்தாலியில் 1680இல் பிறந்த அவர், பாஹுக்கும் ஹேண்டலுக்கும் ஐந்து வயது மூத்தவர். 3,615 பாடல்கள் கொண்ட அவருடைய தேம்பாவணி 1726இல் நிறைவுற்றது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் லைப்சிக் நகரில், பாஹின் மத்தேயு பாடுகள் இரண்டு பாடற்குழுக்களோடு ஒரு தேவாலயத்தில் முதன்முறை ஒலித்தது. ஐரோப்பாவில் அந்தத் தலைமுறை பல குரல் இசையின் உச்சத்தைத் தொட்டபோது, அதே தலைமுறை இத்தாலியர் ஒருவர் தமிழின் விருத்தத்தையும் கலம்பகத்தையும் அந்தாதியையும் அம்மானையையும் கையில் எடுத்தார்.

அவர் எடுத்த வடிவங்களுக்குள்ளேயே பல குரல்கள் இருக்கின்றன. கலம்பகத்தின் உறுப்புகள் பதினெட்டு. குறத்தி, மறவர், பாணர், களிமகன் என ஒவ்வொருவரும் தத்தம் நடையில் பேசுவார்கள். அம்மானை உறுப்பை எடுத்துக்கொள்வோம். மூன்று பெண்கள் காய்களை வீசிப் பிடித்து ஆடியபடி பாடுவது அது. முதலாமவள் ஒரு செய்தி சொல்வாள்; இரண்டாமவள் அதை மடக்கிக் கேள்வி கேட்பாள்; மூன்றாமவள் சிலேடையாக விடை சொல்வாள். மூவர் பேச்சும் ‘அம்மானை’ என்றே முடியும். இசையமைப்பாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? மூன்று தனிக்குரல்கள் கமகத்தோடு தங்கள் வரியைப் பாடட்டும். அந்த ஒரு சொல்லை மட்டும் குழு முழுவதும் நான்கு குரலில், நெடிலை நீட்டி, வாங்கிப் பாடட்டும். அசையும் ஸ்வரம் தனிக்குரலுக்கு, அசையாத ஸ்வரம் குழுவுக்கு என்று வேலை பிரிந்துவிடும்.

தேம்பாவணிக்கும் இது பொருந்தும். விருத்தத்தைத் தாளமில்லாமல், ராகத்தை விரித்துப் பாடுவது நம் மரபு. பாடுபவர் ஓர் அடியை முடித்து, ஆலயத்தில் அது அடங்கும்வரை நின்று, அடுத்த அடியைத் தொடங்கலாம். எதிரொலி மிகுந்த கூடத்துக்கென்றே வாய்த்த பாணி அது.

பாடத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் 1899இல் உருவான கும்பகோணம் மறைமாவட்டத்தில் அடங்கும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டில் மக்கள் மொழிக்கும் உள்ளூர் இசைக்கும் கதவு திறந்தபின், இலத்தீன் திருப்பலி இருந்த இடத்தில் தமிழ்ப் பாடல்கள் வந்தன. கிராமத்துப் பங்குகளில் ஆர்மோனியத்துக்குப் பின் கீபோர்டு வந்தது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை பாடும் பாடகர் குழுவினருக்கு விருத்தமும் ஒப்பாரி மெட்டும் அந்நியமல்ல. பிரிந்து பாடும் பயிற்சியும், அதற்கென எழுதிய ஸ்வரத் தாளும்தான் அவர்களுக்குத் தேவை.

தொடங்குவதற்கு மூன்று ஆலயங்கள் போதும். ஏலாக்குறிச்சியில் கலம்பகமும் தேம்பாவணி விருத்தங்களும். கொள்ளிடம் தாண்டித் தஞ்சையின் ஷ்வார்ட்ஸ் ஆலயத்தில் சாஸ்திரியார் கீர்த்தனைகள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தில் ஞானப்பாட்டுகள். சென்னைக் குழு ஒன்றும் ஊர்ப் பாடகர் குழுக்களும் சேர்ந்து, தவக்காலத்தின் மூன்று சனிக்கிழமை மாலைகளில் இதை நடத்திவிடலாம்.