கான்கார்டு: யாருக்காகப் பறந்தது?

அருங்காட்சியகங்களிலே நிற்கும் கான்கார்டு விமானத்தை இன்றும் மெய்மறந்து வியப்போர் பலர். ஒலியினும் இருமடங்கு விரைந்த அந்த அறிவின் ஆக்கத்தை நாமும் வியக்கிறோம். ஆனால், வியப்பு வழிபாடாகலாமா?

1962-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்த உடன்படிக்கையிலே, ஒருவர் தனித்து விலக வழியில்லை. 1964-இல் ஆட்சியேறிய பிரிட்டிஷ் தொழிற்கட்சி கைவிட எண்ணியும் இயலவில்லை. செலவு ஏறிற்று, சுமை மக்கள்மீது விழுந்தது. கட்டியவை 20, பயணிகளுக்கெனப் பணியாற்றியவை 14. அவற்றையும் அவ்விரு நாட்டு அரசு நிறுவனங்களே ஏற்றன. 2003-இல் பறப்பது ஓய்ந்தது.

வரி கொடுத்தவர் தரையில் நின்று அண்ணாந்தார். வளம் படைத்தவர் வானில் பறந்தார். கோபுரத்தின் உயரம் பேசுவோர் கல் சுமந்தவனை மறந்தனர். விமானத்தின் வேகம் பேசுவோர் வரி சுமந்தவனை மறக்கின்றனர்.

அறிவைப் போற்றுவோம், தோழர்களே! அதன் பயன் யாருக்கு என்றும் கேட்போம்!