'ஹுரூஃபிய்யா': ஒரு பெயரும் அது மறைப்பவையும்

2017 பெப்ரவரியில் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை தனது நிரந்தரக் காட்சியறைகளிலிருந்து பிக்காஸோ, மத்தீஸ் முதலியோரின் சில ஓவியங்களை இறக்கி, முஸ்லிம் நாடுகளில் பிறந்த கலைஞர் சிலரின் ஆக்கங்களை அவ்விடங்களில் மாட்டியது. ஜனாதிபதி டிரம்ப் ஏழு நாட்டவருக்கு விதித்த பயணத் தடைக்கான மறுப்பே அது. சூடானிய ஓவியர் இப்ராஹீம் அஸ்ஸலாஹியின் 'பள்ளிவாசல்' (1964) அவற்றுள் ஒன்று. நுழைவு மறுக்கப்பட்ட நாடொன்றின் கலைஞர் இவர் என அருகிலிருந்த பெயரட்டை அறிவித்தது. நோக்கம் நல்லதே. ஆயினும், தடை வரும்வரை அவ்வோவியம் ஏன் களஞ்சியத்தில் கிடந்தது என்று நாம் கேட்டாக வேண்டும்.

விடை அந்நூதனசாலையின் வரலாற்றிலேயே உண்டு. அதன் முதல் பணிப்பாளர் அல்ஃபிரட் பார் 1936இல் நவீன கலையின் வம்சாவளியை ஒரு வரைபடமாக வெளியிட்டார். 'அண்மைக் கிழக்கின் கலை' அதில் இடம்பெறுகிறது. அங்கிருந்து ஐரோப்பாவை நோக்கி அம்புக்குறி புறப்படுகிறது. கிழக்கை நோக்கித் திரும்பும் அம்புக்குறி எதுவுமில்லை. மறுபுறம், 1910 மியூனிக் கண்காட்சி போன்றவற்றின் வழியே ஐரோப்பிய அறிஞர் வகுத்த 'இஸ்லாமியக் கலை' என்ற பிரிவோ பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டோடு கதவை அடைத்துக்கொள்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முஸ்லிம் ஓவியர் இவ்விரு அறைகளுக்கும் வெளியே நிற்க நேர்ந்தது.

அவர்களுக்கென வழங்கப்பட்ட பெயர்களுள் ஒன்றே 'ஹுரூஃபிய்யா'. அரபு எழுத்தை நவீன ஓவியத்தில் கையாண்டோரை அது குறிக்கும். (14ஆம் நூற்றாண்டில் ஈரானில் தோன்றிய ஹுரூஃபிப் பிரிவினரோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.) 1949இல் வொஷிங்டனில் எழுத்தோவியங்களைக் காட்சிக்கு வைத்த மதீஹா உமரும், 1971இல் பக்தாதில் 'ஒற்றைப் பரிமாணம்' குழுவின் கண்காட்சியை நடத்திய ஷாகிர் ஹஸனும் இதனுள் அடங்குவர். ஈரானின் ஸெந்தெரூதியையும் பலர் இங்கேயே சேர்க்கின்றனர். ஷாகிர் ஹஸனுக்கு எழுத்து, ஸூஃபித் தியானத்தின் பாதை. ஸெந்தெரூதிக்கோ அது தாயத்துகளிலும் கர்பலா நினைவோடு பிணைந்த பொதுமக்கள் வழிபாட்டிலும் கண்ட எண்களும் குறிகளும். இவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவது, மை பயன்படுத்திய அனைவரையும் ஒரே மத்ஹபினர் என்பதற்கு ஒப்பாகும்.

இப்பெயரை நாமும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டோம் என்பதே எமக்குக் கவலை தருகிறது. எழுத்து இருந்தால் அது எம்முடையது. உருவம் வந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்கிறோம். உருவம் வரைதல் பற்றிய ஃபிக்ஹ் விவாதம் தனியானது. அதற்குரிய இடத்தில் அது நடைபெறட்டும். ஆனால் ஒரு கலைஞரின் பாதி ஆக்கங்களை விலக்கிவிட்டு எழுதப்படுவது அவரது வரலாறாகாது.

அஸ்ஸலாஹி லண்டன் ஸ்லேட் கலைக்கல்லூரியில் பயின்று 1957இல் கார்ட்டூம் திரும்பியபோது, அவரது ஐரோப்பியப் பாணி ஓவியங்களில் மக்கள் தமக்குரிய எதையும் காணவில்லை. தந்தையின் குர்ஆன் மத்ரஸாவில் சிறுவயதில் பழகிய எழுத்திடம் அவர் மீண்டார். ஆனால் அவர் எழுத்தை அலங்கரிக்கவில்லை, உடைத்தார். உடைந்த கோடுகளுக்கு இடையிலிருந்த வெளிகளில் மனிதரும் விலங்குகளும் தோன்றலாயின. 'எழுத்தணி' என்று சொன்ன மாத்திரத்தில் இந்த உடைப்பு கண்ணுக்குப் புலப்படாது போகிறது. 'கார்ட்டூம் பள்ளி' என்ற பெயரும் அவ்வாறே. கயானாவைச் சேர்ந்த டெனிஸ் வில்லியம்ஸ் சூட்டிய அப்பெயரின் கீழ் கமலா இஸ்ஹாக்கையும் பலர் வைத்தனர். அவரோ ஸார் சடங்கின் பெண்களை வரைந்தார். 1976இல் வெளிவந்த 'பளிங்குவாதிகள்' பிரகடனத்தில் இணைந்து தனிவழி சென்றார்.

1975இல் அஸ்ஸலாஹி விசாரணையின்றி ஆறு மாதம் சிறை வைக்கப்பட்டார். அங்கே காகிதத் துண்டுகளில் இரகசியமாக வரைந்து மணலில் புதைத்தார். ஒவ்வொரு துண்டாகச் சேர்த்து ஓவியத்தை வளர்க்கும் முறை அங்கேதான் அவருக்குக் கிட்டியது. அம்முறையில் 1984–85இல் ஒன்பது பகுதிகளாக அவர் வரைந்த 'தவிர்க்க முடியாதது' கறுப்பு வெள்ளையில் அமைந்தது. அதில் நாம் காண்பவை இறுகிய கைமுட்டிகளும் முகங்களும். ஹுரூஃபிய்யா என்ற அறையில் அதனை மாட்டுவதற்குச் சுவர் இல்லை.