நல்ல பாய்

தமிழ்க் கதையில் வரும் முஸ்லிம் பெரும்பாலும் நல்லவர். அத்தர் வாசனையோடு வருவார். பக்கத்து வீட்டு ஹிந்துக் குழந்தைக்கு ஜுரம் என்றால் தர்காவில் ஓதிய கயிறு கொண்டுவந்து கட்டுவார், பெருநாளைக்குப் பிரியாணி அனுப்புவார், கடைசியில் யாரையாவது காப்பாற்றிவிட்டுத் தான் செத்துப்போவார். எழுதியவரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதன் அடியில் ஒரு நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது: இவர் இப்படிப்பட்டவர், ஆகவே இவரை வெறுக்க வேண்டாம். பிரியாணி அனுப்பாதவரை, சிடுமூஞ்சியை, கைமாற்று வாங்கித் திருப்பித் தராதவரை என்ன செய்வது? இக்கதைகளில் இதற்குப் பதில் கிடையாது. முஸ்லிம் தன்னை நிரூபித்தாக வேண்டும் என்ற துவேஷத்தின் மூலக் கணக்கை ஒப்புக்கொண்டுதான் இவை துவேஷத்தை எதிர்க்கவே கிளம்புகின்றன. “பார்த்தால் பாய் மாதிரியே தெரியவில்லை” என்று ஆபீஸில் பாராட்டாகச் சொல்கிறோமே, அதன் இலக்கிய வடிவம்.

இன்னொன்று தராசு வகை. மணிரத்னத்தின் ‘பம்பாய்’ (1995) இதற்கு நல்ல உதாரணம். இரு தரப்புக்கும் ஒரே எடை வெறி, ஒரே எடை துக்கம், முடிவில் கை கோத்த மனிதச் சங்கிலி. 1992 டிசம்பர், 1993 ஜனவரி கலவரங்களில் இறந்த 900 பேரில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் ஹிந்துக்கள் என்றது 1998இல் வெளியான ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் அறிக்கை. தராசு அந்த எண்களில் இல்லை. பார்க்கிறவன் நிம்மதியாக வீடு திரும்ப வேண்டும் என்ற அக்கறையில் இருக்கிறது.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) இந்த இரண்டு வழியிலும் போகாத நாவல். செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன் சந்திரசேகரன். கிரிக்கெட், கல்லூரி, வீட்டுப் பசுமாடு, அக்கம்பக்கச் சில்லறைச் சண்டைகள் - இவற்றுக்கு நடுவே நிஜாம் ராஜ்யம் கவிழ்கிறது. ரஜாக்கர்களைப் பற்றிய பயத்தை நாவல் மறைப்பதில்லை. அண்டையில் இருக்கும் முஸ்லிம்கள் நல்லவர்களும் அல்ல, கெட்டவர்களும் அல்ல. அண்டையில் இருக்கிறவர்கள், அவ்வளவுதான். அவர்களிடம் அவன் எரிச்சல் படுகிறான். எரிச்சல் படுவதற்குக்கூட ஒருவரைச் சமமாக நினைத்தாக வேண்டும் என்பதை நம் நல்லெண்ணக் கதைகள் அறிவதில்லை.

1948 செப்டம்பர் 13இல் இந்திய ராணுவம் நுழைந்தது. 17ஆம் தேதி நிஜாம் பணிந்தார். அதன் பிறகு சமஸ்தானத்து முஸ்லிம்களுக்கு நேர்ந்ததை விசாரிக்க அனுப்பப்பட்ட சுந்தர்லால் குழு, இறந்தவர்கள் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று கணித்தது. அந்த அறிக்கையை அரசு பல பத்தாண்டுகள் வெளியிடவில்லை. இவ்வளவு பெரிய மௌனத்துக்கு எதிரே அசோகமித்திரன் வைப்பது ஒரே ஒரு வீட்டை. கலவரத்தில் ஓடிவரும் சந்திரசேகரன் சுவரேறிக் குதித்து அந்த வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்தை விட்டுவிடும்படி கெஞ்சி, ஒரு சின்னப் பெண் தன் ஆடைகளைக் களைந்துவிட்டு அவன் முன் நிற்கிறாள். அவன் வெளியே ஓடுகிறான்.

பையனின் அறியாமை கலைகிற இடம் என்று இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு இதில் சம்மதமில்லை. அப்படிப் படித்தால் அந்தப் பெண், அவன் பெரியவனாகிற சடங்குக்கு வேண்டிய ஒரு சாமானாகிவிடுகிறாள். அங்கே நடப்பது வேறு. ‘நல்ல பாய்’ கதைகளில் முஸ்லிமிடம் கேட்கப்படும் நிரூபணம் இங்கே ஹிந்துப் பையனிடம் வந்து நிற்கிறது. அவன் யாரையும் அடிக்க வரவில்லை, உண்மைதான். அந்த உண்மை அவளுக்கு எதற்கு உதவும்? அவன் மனசுக்குள் துவேஷம் இல்லை என்பது அவள் கண்ணுக்குத் தெரிகிற விஷயமல்ல. சுவரேறிக் குதித்தவன் எந்தத் தரப்பு என்பதுதான் தெரிகிறது. நான் அப்படிப்பட்டவன் அல்ல என்று சொல்ல அவகாசமும் இல்லை. துவேஷமில்லாதவர்கள் என்று நம்மைப் பற்றி நாமே எழுதிக்கொள்ளும் அத்தாட்சிப் பத்திரத்தை இவ்வளவு சுருக்கமாகக் கிழித்த பக்கங்கள் தமிழில் வேறு இல்லை.

அவளுக்குப் பெயரில்லை, மறுநாளும் இல்லை. சந்திரசேகரனின் பார்வையை விட்டு நகராத நாவல் அதைத் தர முடியாது. அதற்கு வேறு எழுத்துக்களிடம்தான் போக வேண்டும். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் (1988) வரும் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி நமக்காக நல்லவராக இருக்கச் சம்மதிக்காத முஸ்லிம். அதிகாரம், டம்பம், ஊருக்குள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்ற பிடிவாதம். எந்த ஜாதிப் பண்ணையாரிடமும் பார்க்கக்கூடியவை. இதைப் படித்துவிட்டு, “பார்த்தீர்களா, அவர்களில் ஒருவரே சொல்லிவிட்டார்” என்று திருப்திப்படும் இலக்கிய வாசகர்கள் உண்டு. மீரான் ஒரு முதலாளியைப் பற்றி எழுதினார், இவர்கள் ஒரு சமூகத்தைப் பற்றிய வாக்குமூலமாக வாங்கிக்கொண்டார்கள். ‘மோகமுள்’ளைப் படித்துவிட்டுத் தஞ்சாவூர் பிராமணர்களைப் பற்றி இப்படி வாக்குமூலம் கிடைத்ததாக இவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.