விசில் அடிக்கிறது என் செவர்லே

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு வேறெதுவும் எழுத ஓடாது. ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்ததும் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய சீறல் கிளம்பும். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் வெயிட் லேசாக ஆடுமே, அந்த மாதிரி. இன்னும் கொஞ்சம் மிதித்தால் காதுக்குள் ஊசி ஏற்றுவது போல விசில் உச்சத்துக்குப் போகும். காலை எடுத்தால் ‘புஸ்ஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சுக்காக ஒன்றரை வருஷம் எல்லா சனி, ஞாயிறையும் கொடுத்தேன். இன்னொரு முறை கேட்டாலும் கொடுப்பேன்.

வண்டி 1986 செவர்லே சி10 பிக்கப். 1973இல் வந்த பெட்டி வடிவம் அது. இங்கே டாலஸ் பக்கம் இதை ‘ஸ்கொயர் பாடி’ என்று செல்லமாகச் சொல்வார்கள். நான் வாங்கியபோது உள்ளே இருந்தது கார்புரேட்டர் வைத்த 5 லிட்டர் வி8. கம்பெனி கணக்குப்படியே சுமார் 160 குதிரைச் சக்திதான். அண்டா நிறையப் பால் காய்ச்சி அரை டம்ளர் காபி ஊற்றுவது போல! நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்கள்.

எஞ்சினை மாற்றி டர்போ போடுவது என்று முடிவெடுத்தவன், புதிதாக வாங்கவில்லை. பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் யார்டுக்குப் போனேன். 1999 முதல் ஜெனரல் மோட்டார்ஸின் சில்வராடோ, டாஹோ, சபர்பன் வண்டிகளில் வந்த 5.3 லிட்டர் எஞ்சின் அங்கே வரிசையாகக் கிடக்கும். அதன் பெயர் எல்எம்7. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் அலுமினிய பிளாக்கைத் தேடி ஓட, கனமான இந்த இரும்பு எஞ்சின் கேட்பாரற்றுக் கிடந்தது. டர்போவின் அடியைத் தாங்க அந்தக் கனம்தான் வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் கொடுத்தது 450 டாலர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் சோபாவை வீட்டுக்கும் சுமந்து ஓய்ந்துபோன எஞ்சின் அது. அதற்கா இப்படி ஒரு மறுபிறவி என்று இன்றைக்கும் நினைத்து நினைத்துப் பூரிக்கிறேன்.

டர்போவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வீணாக வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதன் மேல் இன்னும் 10 பிஎஸ்ஐ திணித்தால், 5.3 லிட்டர் எஞ்சின் ஏறத்தாழ ஒன்பது லிட்டர் எஞ்சின் குடிக்கிற காற்றைக் குடிக்கும். சூட்டில் கொஞ்சம் கழிந்துபோகும். அதற்குத்தான் முன்னால் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர். காசு கொடுக்காமல் கிடைக்கும் புகையிலிருந்து இவ்வளவு வேலை வாங்கலாம் என்று 1905இலேயே சுவிஸ்காரர் ஆல்ஃபிரட் புக்கி காப்புரிமை வாங்கிவிட்டார். மனுஷன் என்ன யோசனை யோசித்திருக்கிறார்!

பிக்கப்புக்கு டர்போவா என்று சிரிப்பவர்களுக்கு நான் ஒரே பெயர்தான் சொல்வேன்: 1991 ஜிஎம்சி சைக்ளோன். 4.3 லிட்டர் வி6, டர்போ, 280 குதிரைச் சக்தி, கம்பெனியே போட்டுக் கொடுத்தது. ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை அதை ஃபெராரிக்குப் பக்கத்தில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தது. அப்புறம் யார் சிரிப்பது?

வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, நம்ப மாட்டீர்கள், பிஸ்டன் ரிங்கை ராவியதுதான். ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கும். டர்போ போட்டால் சூடு ஏறும், ரிங் விரியும். இடைவெளி போதாவிட்டால் முனையோடு முனை முட்டி, பிஸ்டனின் தலையையே பெயர்த்துவிடும். அதனால் இடைவெளியை அகலப்படுத்த வேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 26 பங்கு, அதுதான் நான் வைத்த கணக்கு. ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் மெதுவாகத் தள்ளி மட்டமாக்கி, ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வெளியே எடுத்து, கைப்பிடி வைத்த சின்ன அரத்தில் ஒரே ஒரு முனையை மட்டும் நாலு சுற்று. திரும்ப உள்ளே, திரும்ப கேஜ். எட்டு பிஸ்டனுக்குப் பதினாறு ரிங். கூட ராவிவிட்டால் ரிங்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டு இரவு ஷெட்டில் உட்கார்ந்து இதையே செய்தேன். தியான வகுப்புக்குப் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

மற்றதெல்லாம் ஓட்டமாகச் சொல்கிறேன். சில்வராடோவின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை அப்படியே முன்பக்கமாகத் திருப்பிப் போட்டால் டர்போவுக்கு வழி தயார். வலுவான 4எல்80இ கியர்பாக்ஸ். கார்புரேட்டர் வண்டியில் இந்த எஞ்சினுக்கான ஒயரிங் கிடையாது என்பதால் எஞ்சின் கம்ப்யூட்டரும் ஒயர் கட்டும் புதிதாக. பெட்ரோலுக்குப் பதில் எத்தனால் கலந்த இ85. முப்பது சதவீதம் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் எஞ்சினைக் குளிரவைக்கும், நாக்கிங் எளிதில் வராது. வீட்டில் முதலில் சொன்ன செலவு 4,000 டாலர். முடிந்தபோது 9,300. அந்த உரையாடலை இங்கே எழுதப்போவதில்லை.

டர்போ உட்காரும் பிளாஞ்ச் மட்டும் கோயம்புத்தூர் சரக்கு. விடுமுறைக்குப் போனபோது கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் மாமா, அட்டையில் நான் வரைந்து கொண்டுபோன அளவைப் பார்த்து, அரை நாளில் இரும்புத் தகட்டில் வெட்டி, துளை போட்டுக் கொடுத்தார். முறுக்கு டப்பாவுக்கும் பருப்புப் பொடிக்கும் நடுவே அது விமானம் ஏறியது.

முதல் ஸ்டார்ட் ஒரு ஞாயிறு சாயங்காலம். ஸ்பார்க்கை நிறுத்திவைத்து, ஆயில் பிரஷர் ஏறும்வரை வெறுமனே சுற்றவிட்டேன். முள் எழுந்தது. ஸ்பார்க்கைக் கொடுத்தேன். ஒரே சுற்றில் பிடித்தது! பக்கத்து வீட்டுத் தாத்தா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தொப்பியைக் கழற்றிக் காட்டினார். நான் ஆடிய ஆட்டம் ஐந்து நிமிஷம்தான். அதற்குள் தெருவே நீலப் புகை. கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி. டர்போ போய்விட்டது, காசு போய்விட்டது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். இந்தியாவில் விடிந்ததும் மாமாவுக்கு வீடியோ கால்.

“அந்த ஆயில் திரும்பற ஹோஸைக் காட்டு கண்ணு.”

காட்டினேன்.

“நடுவால தொங்குது பாரு. தண்ணி மேட்டுக்கு ஏறுமா? வாய்க்கால் வெட்டத் தெரியாதவனா நீ?”

அவ்வளவுதான் விஷயம். டர்போவுக்குள் போகும் ஆயில் அழுத்தத்தில் போகும். திரும்புவதோ தன் எடையால் மட்டுமே இறங்க வேண்டும். நான் விட்ட ஹோஸ் தொட்டில் போலத் தொங்கியதால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டிப் புகையானது. ஹோஸை வெட்டிச் சுருக்கி, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே இறங்கும்படி நேராக விட்டேன். புகை நின்றது. எண்ணூறு மைல் தள்ளி இல்லை, எட்டாயிரம் மைலுக்கு மேல் தள்ளி இருந்துகொண்டு ஒரு பார்வையில் சொன்னார் அவர்.

சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றினேன். பின் சக்கரத்தில் 496 குதிரைச் சக்தி, 10 பிஎஸ்ஐயில். தாளை மடித்து பர்ஸில் வைத்திருக்கிறேன்; கேட்காதவர்களுக்கும் காட்டுகிறேன். பின் தொட்டி காலி என்பதால் இரண்டாவது கியரிலும் டயர் சறுக்கும். நான்கு மணல் மூட்டை போட்டுத்தான் ஓட்டுகிறேன். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து “அப்பா, இன்னொரு தடவ விசில் அடி” என்கிறாள்.

ஆசைப்படுகிறவர்கள் முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். டெக்சாஸில் 24 வயதைத் தாண்டிய வண்டிக்குப் புகைப் பரிசோதனை இல்லை. கலிபோர்னியாவில் 1976க்கு முந்தைய வண்டிக்குத்தான் விலக்கு. என் வண்டியை அங்கே கொண்டுபோனால் கதை வேறு. ரிங் இடைவெளியில் அவசரப்படாதீர்கள். ஆயில் ஹோஸைத் தொங்கவிடாதீர்கள். டாலஸ் பக்கம் வந்தால் சொல்லுங்கள், ஒரு சுற்றுக் கூட்டிப்போகிறேன். ஜூலையில் மட்டும் வேண்டாம். ஏசி இன்னும் போடவில்லை.