கடிதம் இருக்கா, நாய் இருக்கட்டும்!

பி.காம். வகுப்பில் தூக்கத்தையும் மீறி என் காதில் விழுந்த ஒரே விதி, கிரஷாம் விதி. மட்டமான காசு புழக்கத்துக்கு வந்தால், நல்ல காசு சந்தையை விட்டு ஓடிவிடும். இது காசுக்கு மட்டுமல்ல, கடிதத்துக்கும் பொருந்தும் என்று எனக்குப் புரியவைத்தவர்கள் அமெரிக்க வாடகைதாரர்கள்.

அங்கேயும் ஹவுஸ் ஓனர் ஹவுஸ் ஓனர்தான். 'நாய், பூனை கூடாது' என்று அக்ரிமென்ட்டிலேயே போட்டுவிடுவார். தாராள மனசுக்காரர் என்றால், நாய்க்குத் தனி டெபாசிட், மாசாமாசம் தனி வாடகை! (எந்த ரூம் நாயோடது என்று கேட்கக்கூடாது.)

இதற்குச் சட்டத்தில் ஒரு ஜன்னல் உண்டு. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் கையெழுத்தானது, ஃபேர் ஹவுஸிங் ஆக்ட். நிறம் பார்த்து வீடு மறுக்காதே என்று பிறந்த சட்டம். 1988-ல் அதற்குள் உடல் ஊனமுற்றவர்களையும் மனநலம் பாதிக்கப்பட்டவர்களையும் சேர்த்தார்கள். அவர்களுக்குத் தேவை என்றால், வீட்டு விதியைக் கொஞ்சம் தளர்த்தித்தான் ஆகவேண்டும். அந்த வழியாக நுழைந்ததுதான், 'எமோஷனல் சப்போர்ட் அனிமல்'. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் மாதிரி இதற்குப் பயிற்சியெல்லாம் கிடையாது. மனசு உடைந்தவர் பக்கத்தில் சும்மா படுத்திருக்கும். அதுதான் உத்தியோகம்!

சிரிக்காதீர்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கர்னி வளாகத்தில் ஒரு மாணவி. பதற்ற நோய். தன் குட்டி நாயோடு பல்கலைக்கழகக் குடியிருப்பில் தங்க அனுமதி கேட்டார். முடியாது என்றார்கள். 2011-ல் மத்திய அரசே பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டது. 'மாணவர்கள் தங்கும் இடம் சட்டப்படி வீடே ஆகாது' என்றது பல்கலைக்கழகம். 2013-ல் கோர்ட் அதை ஏற்கவில்லை. 2015-ல் சமரசம். அந்த மாணவிக்கும் இன்னொருவருக்குமாக 1,40,000 டாலர் கொடுத்து, விதியையும் மாற்றிக்கொண்டார்கள்.

இது நல்ல காசு. இப்போது மட்டமான காசைப் பார்ப்போம்.

மனநல நிபுணர் எழுதித் தரும் ஒரு கடிதம்தான் இதற்கெல்லாம் சாவி. அந்தச் சாவிக்கு டூப்ளிகேட் போட வெப்சைட்டுகள் முளைத்தன. நாலு கேள்விக்குப் பதில், கிரெடிட் கார்டு நம்பர், கையில் கடிதம்! கூடவே பதிவுச் சான்றிதழ், நாய்க்கு அடையாள அட்டை வேறு. அப்படி ஒரு அரசுப் பதிவேடே கிடையாது என்பதுதான் தமாஷ். 2019-ல் வீட்டுவசதித் துறையே இந்தக் கடைகளை விசாரிக்கச் சொல்லி வர்த்தக கமிஷனுக்கு எழுதியது. 2022 முதல் கலிஃபோர்னியாவில், நாய்க்காகக் கடிதம் எழுதுவதற்கு முன் குறைந்தது 30 நாளாவது அந்த நோயாளியைத் தெரிந்திருக்கவேண்டும் என்று சட்டம்.

சரி, ஏமாற்றுகிறவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போகலாமா? மாட்டேன். கடிதத்துக்கு ஒரு தடவை செலவு. நாய் வாடகை மாசாமாசம். இந்தக் கணக்குக்கு பி.காம். வேண்டாம், எட்டாங்கிளாஸ் போதும். பிராணி நிஜமாகவே ஆபத்தானது என்றால் ஓனர் மறுக்கலாம். கதவைக் கடித்துக் குதறினால் செலவை வசூலிக்கலாம். இரண்டுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்புறம் எதற்கு ஒட்டுமொத்தத் தடையும் மாசாந்திரத் தண்டமும்? கள்ளக் கடிதத்துக்குச் சந்தை பிடித்துக் கொடுத்ததே ஓனர்கள்தான் என்பேன்.

முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு விமானம் சாட்சி. 2018-ல் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒரு பெண்மணி மயிலோடு வந்து நின்றார், ஆறுதல் பிராணி என்று! ஏற்றவில்லை. இப்படிப் பல கூத்துக்குப் பிறகு, 2020 டிசம்பரில் போக்குவரத்துத் துறை விதியையே மாற்றியது. ஆறுதல் பிராணிகளுக்குத் தந்த சலுகையை விமான கம்பெனிகள் நிறுத்தின. மயில்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நாய் மடியில் இருந்தால்தான் மூச்சே சீராகும் என்றிருந்தவருக்கும் சேர்த்துக் கதவு மூடியது. கிரஷாம் சொன்னது இதைத்தான்.

வீட்டுக் கதவு இன்னும் மூடவில்லை. ஆனால், நிஜமாகவே தூக்கம் தொலைத்த ஒருத்தி தன் கடிதத்தை நீட்டும்போது, ஓனர் அதை ஒரு தடவை பார்க்கிறார், நாயை ஒரு தடவை பார்க்கிறார். அப்புறம் கேட்கிறார்...

''எந்த வெப்சைட்டும்மா?''