அறியாது செய்த பூசையும் அறிந்து நோற்கும் சிவராத்திரியும்

மாசித் திங்கட் கிருஷ்ணபக்ஷச் சதுர்த்தசி இரவிலே சிவாலயந்தோறும் சொல்லப்படுங் கதைகளுள் வேடன் கதையை அறியாதார் இலர். விலங்கிற்கு அஞ்சி வில்வமரத்தேறிய வேடன் ஒருவன், உறங்கின் வீழ்ந்திறப்போம் என்னும் அச்சத்தால் இலைகளைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே இட்டான், மரத்தடியிற் சிவலிங்கம் இருந்தது, அன்று அவன் உண்டிலன், அவ்விரவு சிவராத்திரி. ஆகலின் அவன் சிவலோகம் புக்கான் என்பது கதை. இது விரதத்தின் பெருமையை விளக்க எழுந்ததாயினும், கேட்டார் பலர் இதனின்றுங் கொள்ளும் முடிபு அவ்விரதத்தின் வேரையே அறுப்பதாயிருத்தல் வியப்பேயாம்.

வேடன் மந்திரம் அறிந்திலன், தியானம் அறிந்திலன். விழித்தான், பட்டினி கிடந்தான், பயன் பெற்றான். ஆகலின் எவ்வாற்றானும் விழித்திருத்தலே விரதம் என்பது அம்முடிபு. தமிழ்நாட்டு நகரங்களிலே சிவராத்திரி இரவிற் சினிமாக் கொட்டகைகள் இரண்டு மூன்று படங்களை விடியுமளவும் அடுத்தடுத்துக் காட்டிய வழக்கம் இதனால் வளர்ந்ததேயாம். கொட்டகைக்குச் செல்லாதார்க்கு இக்காலத்துத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அத்தொழிலை வீட்டினுள்ளேயே செய்துவிடுகின்றன. சீட்டாடியும் சொக்கட்டான் உருட்டியும் இரவு கழித்தார் முன்னும் இருந்தனர். கருவி மாறிற்றேயன்றிக் கருத்து மாறிற்றில்லை.

விழிப்பும் பசியுமே விரதம் என்பார்க்கு விடையாக, சைவரல்லாராய்ப் போந்த ஒருவரது வரலாற்றையே காட்டலாம். ஆரிய சமாசத்தை 1875-இற் பம்பாயில் நிறுவிய தயானந்த சரசுவதியார், கூர்ச்சர நாட்டு டங்காராவிலே மூலசங்கரர் என்னும் பெயரோடு வளர்ந்த இளமையில், தமது பதினான்காம் வயதிற் சிவராத்திரி விரதம் பூண்டார். தந்தையார் சைவப் பற்று மிக்கவர். அவரே மைந்தரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். இரவு முதிர முதிரத் தந்தையாரும் பிறரும் உறங்கிவிட, சிறுவர் ஒருவரே கண்ணில் நீர் தெளித்துக்கொண்டு விழித்திருந்தார். அப்பொழுது எலி வெளிப்பட்டு நிவேதனத்தை உண்டு இலிங்கத்தின்மீதும் ஓடிற்று. தன்மேல் ஓடும் எலியை ஓட்டமாட்டாத இஃது உலகைக் காக்கும் இறையாதல் எங்ஙனம் என ஐயுற்றுத் தந்தையாரை எழுப்பி வினவினார். கிடைத்த விடை அவர்க்கு அமைவு தந்திலது. வீடு சென்று உணவுண்டு நோன்பை முறித்தார். பிற்காலத்தில் உருவ வழிபாட்டை மறுத்தமைக்கு அவ்விரவே வித்தாயிற்று.

சைவர் இவ்வரலாற்றை வெகுளியோடு ஒதுக்குதல் தகாது. அவ்விரவில் விரதம் பிழைத்தவர் உறங்கிய பெரியோரேயன்றி விழித்திருந்த சிறுவர் அல்லர். அவரிடத்து விழிப்பும் இருந்தது, பசியும் இருந்தது. அவ்விரண்டே விரதமாயின் சிவராத்திரியின் பயன் அவர்க்கன்றோ முதற்கண் எய்தியிருத்தல் வேண்டும்? நோன்பை வற்புறுத்தினார் இருந்தனர். அதன் பொருளை அவருளங்கொள உணர்த்தினார் இலர். இக்குறை டங்காராவிற்கு மட்டும் உரியதன்று.

அவர் வினாவிற்கு விடை தமிழ்ச் சைவர்க்கு அரிதன்று. அதுவும் ஓர் எலியைப் பற்றியதே. திருமறைக்காட்டுத் திருக்கோயில் விளக்கின் நெய்யை உண்ணப் புக்க எலி, சுடர் மூக்கைச் சுடப் பின்வாங்கியபொழுது திரி தூண்டப்பட்டு விளக்கு ஒளிர்ந்தது; அவ்வெலி மூவுலகாளும் பேறு பெற்றது என்பது திருநாவுக்கரசர் திருக்குறுக்கைத் திருப்பதிகத்தில் அருளிய செய்தி. மாவலியாகப் பிறந்தது அவ்வெலியே என்பர். மூலசங்கரர் இறைவன் எலியை ஓட்டாமையைக் குறையெனக் கொண்டார். ஓட்டாது, திருட வந்த அதன் செயலையுந் தன் பணியாக ஏற்றருளியதை இறைமை எனக் கொண்டார் நாவரசர். ஓட்டமாட்டாமை வேறு, ஓட்டத் திருவுளங்கொள்ளாமை வேறு. இவ்வேறுபாட்டை அன்றிரவு கோயிலில் இருந்தவருள் ஒருவரேனும் அச்சிறுவர்க்கு எடுத்துரைத்திருப்பின் நன்றாயிருந்திருக்கும்.

அற்றேல், எலியின் செயலையே ஏற்பவன் கொட்டகையில் விழித்திருப்பானது விழிப்பை ஏலானோ எனின், அதுவே ஈண்டு ஆராயற்பாலது. சிவபுண்ணியத்தை அறியாது செய்வதாகிய அபுத்திபூர்வம் என்றும், அறிந்து செய்வதாகிய புத்திபூர்வம் என்றும் சித்தாந்த நூலோர் பகுத்தனர். முன்னது வீண்போகாது; ஆயின் அஃது உயிரைப் பின்னதற்கு உரித்தாக்கும் படியேயன்றி முடிந்த பயனன்று. எலி பெற்றது யாது? அரசு. வில்வந் தூவிய குரங்கு முசுகுந்தனாய்ப் பிறந்து பெற்றதும் அரசு. வேடன் பெற்ற சிவலோகமோ சரியையின் பயனாகிய சாலோகத்தின்பாற்படுவது, சாயுச்சியம் அன்று. மாவலி ஆண்ட மூவுலகும் பின்னர் மூன்றடியிற் போயின என்பதையும் உடன் நினைக. கதை கேட்பார் பயனின் பெருமையைக் கண்டு மகிழ்வதன்றி அதன் எல்லையைக் கருதுவதில்லை.

அன்றியும், அபுத்திபூர்வம் அறியாதார்க்கே உரியது. அறிந்தான் ஒருவன் அறியாமையை மேற்கொண்டு அதன் பயனைக் கொள்ளுதல் இயலாது. வேடன் நாளை அறிந்திலன், இலிங்கத்தைக் கண்டிலன். நாட்காட்டியைப் பார்த்து நாளறிந்து, காலை முதல் உண்ணாதிருந்து, மாலையிற் கொட்டகைக்குச் சீட்டு வாங்குவான் அவனோடு ஒப்பன் ஆதல் யாங்ஙனம்? அறியாமையின்கண்ணும் வேடன் கையினின்று வீழ்ந்தது வில்வம், வீழ்ந்த இடம் சிவலிங்கம் என்பதும் மறக்கற்பாலதன்று. அவன் விழிப்பு சிவனைச் சென்று தொட்டது. இவர் விழிப்போ திரையளவில் நின்றுவிடுகின்றது.

ஆறுமுகநாவலர் (1822–1879) சைவவினாவிடையில் விரதத்திற்குக் கூறிய இலக்கணம் இவ்விடத்துப் பெரிதும் பயன்படுவது. அதன்கண் விரதம் என்பது வழிபாடே. உணவை விடுத்தல் மனம் பொறிவழிப் போகாமைப் பொருட்டு. விடமாட்டாதார் சுருக்குதலும் அமையும். சிவராத்திரி உணவிற்கு அவர் வகுத்த தரமும் நோக்கத்தக்கது. முழு உபவாசத்தைத் தலைமையிலும், நீரையும் பாலையும் அதனை அடுத்தும், பழத்தை அதற்குக் கீழும் வைத்து, தோசை முதலிய பணிகாரங்களை எல்லாவற்றினுங் கடையில் வைத்தார். மாட்டாமை பற்றி அவர் கடையில் வைத்ததையே இக்காலத்தார் பலர் தலையில் வைத்துக்கொண்டனர். ஏனை நாட்களினும் விரத நாளிலே அடுப்பு மிகுதியாக எரியும் வீடுகள் உள. உபவாசம் என்னுஞ் சொற்கு இறைவன் அருகில் வசித்தல் என்பது பொருளாகலின் வயிறு எவ்வாறிருப்பினும் என்னை என்று சொல்லாராய்ச்சி செய்வாரும் பெரும்பாலும் உண்டு முடித்தவரே.

நான்கு யாமமும் சிவபூசை செய்தல் யாவர்க்கும் கூடுவதன்று. அஃது இல்லாதார் ஸ்ரீபஞ்சாக்ஷர செபமும் சிவபுராணங் கேட்டலும் ஆலய தரிசனமும் உடையராய் இரவைக் கழித்தல் வேண்டும். முழுதும் விழிக்கமாட்டாதார் இரவிற் பதினான்கு நாழிகைக்குமேல் வரும் இலிங்கோற்பவ காலம் நீங்குமளவேனும் விழித்தல் வேண்டும். இவ்வளவு இளகிய விதியை அரிதென்று சொல்லுதல் ஒண்ணாது. புராணபடனம் நிலைபெற்ற யாழ்ப்பாணத்திலே சுன்னாகம் வரதபண்டிதர் சிவராத்திரி புராணம் இயற்றியமை இத்தகையார்க்கு இரவைக் கழிக்கப் பொருள் தந்தது.

நூலறிவில்லாதார் இதனை நன்குணர்ந்திருத்தற்குக் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிவாலய ஓட்டமே சான்று. முன்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியப் பன்னிரண்டு சிவாலயங்களை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வழியை, காவியுடுத்து விசிறி ஏந்தி ஓடியும் நடந்தும் அடியார் கடக்கின்றனர். அவர் வாயில் ஒலிப்பது "கோவிந்தா, கோபாலா" என்பதாகலின் வைதிகச் சைவர் சிலர் முகஞ்சுளிப்பர். முடிவில் அவர் வணங்குவது சங்கரநாராயண மூர்த்தியை என்பது அறியின் அச்சுளிப்பு நீங்கும். அவர்க்கு உறக்கத்தை ஓட்டுவது அடுத்த கோயிலின் நினைவு.

ஐயத்திற்கிடமாவது பிறிதொன்று. சிதம்பரத்தில் 1981 முதல் சிவராத்திரியையொட்டி நாட்டியாஞ்சலி நிகழ்ந்துவருகின்றது. பிற தலங்களிலும் அது பரவியுளது. கூத்தப்பிரான் திருமுன்னர்க் கூத்தினைக் காணிக்கையாக்குதலைக் கொட்டகைக் காட்சியோடு ஒருங்கெண்ணுதல் பெரும்பிழையாம். ஆடுவார்க்கு அது பூசையாதல் கூடும். காண வந்து இரவெல்லாம் இருக்கையில் அமர்ந்தோர், இலிங்கோற்பவ காலத்து மணி ஒலிக்கும்பொழுது எழுந்து சந்நிதியை நோக்கி நடக்கின்றனரா, ஆட்டத்தின் நடுவே எழுதல் நாகரிகமன்று என்று இருந்துவிடுகின்றனரா என்பதே ஆங்கு நோக்கற்பாலது.